இனிப்பைக் குறைக்கச் சொல்ல ஒரு மாநாடா?

“இனிப்பைக் குறைங்க, தினமும் நடங்க. இதைச் சொல்றதுக்கு எதுக்கும்மா மாநாடு?”

சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருப்பவர் இரண்டு நாள் லீவு கேட்டால், நிர்வாக அறையிலிருந்து பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். அம்பத்தூரில் ஒன்று, ஆவடியில் ஒன்று என்றெல்லாம் இல்லை. அயனம்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் பக்கத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அதுதான் வித்தியாசம். டாக்டர்கள் சிலர் இதையே சொல்கிறார்கள். வீட்டில் மாமியாரும் சொல்கிறார். ஒரு பை, ஒரு பேனா, மதியம் பிரியாணி, மேடைக்கு முன்னால் குரூப் போட்டோ என்று மாநாட்டைப் பற்றி ஒரு சித்திரம் எல்லார் மனதிலும் படிந்துவிட்டது. கொஞ்சம் படித்தவர்கள் இன்னும் நாசூக்காக, “எல்லாம்தான் யூடியூப்ல இருக்கே” என்பார்கள்.

இனிப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும் என்பது தெரியாத சர்க்கரை நோயாளி இன்று தமிழ்நாட்டில் உண்டா? ஆட்டோவின் முதுகில்கூட எழுதியிருக்கிறது. அதுவே போதும் என்றால் நிலைமை எப்படி இருந்திருக்க வேண்டும்? 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், சர்க்கரை நோய் உள்ளவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் 10.8 சதவீதம்தான். பத்தில் ஒருவர். 1948-லேயே டாக்டர் எம். விஸ்வநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் தொடங்கிய ஊரைத் தலைநகராகக் கொண்ட மாநிலத்தின் நிலை இது. நாடு முழுக்க 10.1 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2023-ல் சொன்னது. மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ‘இனிப்பைக் குறை’ என்ற உபதேசமும் தாராளமாக இருக்கிறது. இவற்றுக்கு நடுவில் எதுவோ நடக்கவில்லை. நடக்காமல் போன அந்த வேலைக்குப் பெயர்தான் சொல்லிக்கொடுத்தல்.

அந்த வேலையைச் செய்பவர் யார்? டயாபடீஸ் எஜுகேட்டர் என்ற பலகை எல்லா இடத்திலும் தொங்காது. ஓரிடத்தில் டயட்டீஷியன், ஓரிடத்தில் அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ், இன்னோரிடத்தில் சர்ட்டிஃபிகேட் கோர்ஸ் முடித்த பெண். நோயாளிகளுக்கு எல்லாரும் ‘சுகர் மேடம்’. டாக்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதன்மேல் பிளாஸ்டிக் இட்லி, பிளாஸ்டிக் வாழைப்பழம், மருந்து தீர்ந்துபோன ஒரு டெமோ இன்சுலின் பென், கால் படம் போட்ட சார்ட். அங்கே உட்கார்ந்திருப்பவர் சொல்வது சரியா தவறா என்று பார்க்க அந்தக் கட்டடத்தில் வேறு ஆள் கிடையாது. டாக்டருக்கு நேரமில்லை, நோயாளிக்குத் தெரியாது. இப்படி வருஷக்கணக்கில் தனியாக வேலை பார்ப்பவர், அதே வேலையைச் செய்யும் இன்னும் நூறு பேரைச் சந்திக்கிற ஒரே இடம் மாநாடு. அதைத்தான் வெட்டிச் செலவு என்கிறார்கள்.

‘அப்படி என்ன சொல்லித்தர இருக்கிறது’ என்று கேட்பவர்களுக்காக ஒரு சிரிஞ்சை மேஜைமேல் வைக்கிறேன்.

நம் ஊர் மருந்துக் கடையில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பென்னில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதன் அளவுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து இரவில் வீடு திரும்புகிற ஒருவர் கடையில் சிரிஞ்சு கேட்கிறார். சிவப்பு மூடி தீர்ந்துவிட்டது. “இதுவும் இன்சுலின் சிரிஞ்சுதான் சார்” என்று ஆரஞ்சு மூடியைக் கொடுக்கிறார் கடைப் பையன். அவரும் வழக்கம்போல 20 என்ற கோடு வரை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 8 யூனிட். ஒரு மாதம் இப்படியே போகிறது, சர்க்கரை ஏறுகிறது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அளவைக் கூட்டுகிறார். 30, பிறகு 36. ஒரு நாள் கடையில் சிவப்பு மூடி வந்துவிடுகிறது. அன்றிரவு 36 யூனிட்டும் முழுசாக உள்ளே போகிறது. விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சுக் குழறி, வீட்டார் எழுப்பினால் எழுந்திருக்காமல் கிடப்பார். பெருங்கூட்டமாக உறவினர் வந்து, “நேத்து ஸ்வீட் சாப்பிட்டாரா?” என்று கேட்பார்கள்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. பென் உடைந்துபோனது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சினால், 20 கோட்டில் இருப்பது 50 யூனிட். இந்தக் கணக்கை எந்த டாக்டரும் புறநோயாளி வரிசையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ‘சுகர் மேடம்’தான் சிரிஞ்சை எடுத்து வரச் சொல்லி, மூடியின் நிறத்தைப் பார்த்து, “எங்கே, இழுத்துக் காட்டுங்க” என்று கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். “சிரிஞ்சைக் கொண்டுவாங்க” என்று கேட்கத் தோன்றுவதே ஒரு பயிற்சி. அது பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும். அதே விபத்தை ராணிப்பேட்டையிலும் ஓசூரிலும் பார்த்தவர்கள் ஒரே மேஜையைச் சுற்றி நின்று பேசும்போதுதான் மறக்காத பாடமாகிறது.

சொன்னதையே சொல்லும் வேலை இது என்பதும் பொய். சொல்ல வேண்டியதே மாறிக்கொண்டிருக்கிறது. நீளமான ஊசியை, சதையைக் கிள்ளிப் பிடித்து, சாய்த்துக் குத்தச் சொல்லிக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது. பிறகு அளந்து பார்த்தார்கள்: ஊசி போடும் இடத்தில் தோலின் தடிமன் குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 2 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஆக 4 மி.மீ. ஊசி போதும், நேராகக் குத்தலாம், பெரும்பாலான பெரியவர்களுக்குக் கிள்ளத் தேவையில்லை. ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் அங்கே கொழுப்புக் கட்டி வரும், மருந்து சரியாக ஏறாது, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் அளவாவது தள்ளிப் போட வேண்டும். இவற்றையெல்லாம் உலக அளவில் தொகுத்து வழிகாட்டியாக்கியது 2015 அக்டோபரில் ரோம் நகரில் நடந்த ஒரு கூட்டம். 54 நாடுகளிலிருந்து 183 பேர் கூடினார்கள். டாக்டர்கள் மட்டும் அல்ல. நர்ஸ்களும் எஜுகேட்டர்களும் இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஊசி தயாரிக்கும் கம்பெனியின் பணம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

சாப்பாட்டிலும் இதே கதை. எத்தனை வருஷமாக “ராத்திரி சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்க” என்று இந்த மாநிலம் சொல்லிவருகிறது! 2025-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் உணவு ஆய்வு, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று காட்டியது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் இருந்தது: வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை, மொத்த மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்ற புரதத்தை வைத்தால் குறைகிறது. அதாவது நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டுவிட்டு ‘நான் சோற்றையே தொடுவதில்லை’ என்று பெருமைப்படுபவருக்கு இனிப் புதிதாகச் சொல்லியாக வேண்டும். கேழ்வரகுக் கஞ்சியை டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டு மீட்டரைப் பார்த்து அதிர்ச்சியடைபவருக்கும்தான். சுவரில் தொங்கும் சார்ட் பழையது. அதை யார் கழற்றுவார்கள்? கழற்ற வேண்டும் என்று யார் அவரிடம் சொல்வார்கள்?

யூடியூப் சொல்லும் என்பீர்கள். சொல்லும். ஆவாரம்பூக் குடிநீரைக் குடித்தால் இன்சுலினை நிறுத்திவிடலாம் என்றும் சேர்த்தே சொல்லும். அது ஒருபுறம் இருக்கட்டும். நல்ல காணொளிகளும் இருக்கின்றன, நானே பார்க்கிறேன். ஆனால் காணொளி உங்களைப் பார்ப்பதில்லை. பயிலரங்கில் உப்புநீரை நிரப்பிய பென்னைக் கையில் கொடுத்து, “உங்க வயித்துல நீங்களே குத்திக்குங்க” என்பார்கள். வருஷக்கணக்கில் மற்றவர்களைக் குத்திக்கொள்ளச் சொன்னவரின் கை அப்போது நடுங்குவதைப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் வெடுக்கென்று உருவிவிடுவார்கள். பத்து வரை எண்ணிவிட்டு எடு என்று பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடிப்பார். நோயாளி ஏன் உருவிவிடுகிறார் என்பதும் அந்த நொடியில்தான் புரிகிறது. இதை ஆன்லைனில் நடத்த முடியுமானால் நடத்திக் காட்டுங்கள்.

மேடையில் நடப்பதைவிட மாடிப்படியில் நடப்பதுதான் எனக்கு முக்கியம். அயனம்பாக்கம், அத்திப்பட்டு, அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்து நோயாளிகளின் பெரிய பிரச்சினை ஷிப்ட். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஊசி எழுதித் தருகிறோம். அவருக்குக் காலை எது? ராத்திரி ஷிப்டில் மூன்று மணிக்கு டீயும் பன்னும். காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூக்கம். மதியச் சாப்பாடு மாலையில். வாரம் மாறினால் எல்லாம் தலைகீழ். எந்த வழிகாட்டியிலும் ‘பன்’ என்ற வார்த்தை இருக்காது. திருப்பூரில், ஓசூரில், கோவையில் இதே ஆட்களைப் பார்ப்பவர்கள் ஒவ்வொருவரும் டாக்டரோடு பேசி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நேரத்தைக் கணக்கு வைக்காமல் தூக்கத்தையும் முதல் சாப்பாட்டையும் கணக்கு வைத்து அட்டவணை போட்டுக் கொண்டுவருகிறார்கள். ஒருவர் அட்டவணையை இன்னொருவர் போனில் படம் எடுத்துக்கொள்கிறார். இந்தப் பரிமாற்றத்துக்கு நிகழ்ச்சிநிரலில் இடம் கிடையாது, கிரெடிட் மதிப்பெண்ணும் கிடையாது.

காலும் அப்படித்தான். எங்கள் பக்கத்திலிருந்து திருவேற்காடு கருமாரியம்மன் கோவிலுக்கு நடந்தே போகிறவர்கள் நிறைய. ஆடி மாதத்தில் மதிய வெயிலில் கல் தரையில் வெறுங்காலோடு வலம் வருவார்கள். பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. மறுநாள் கொப்புளம்தான் தெரியும். “கோவிலுக்குப் போகாதீங்க” என்றால் அடுத்த முறை அவர் நம்மிடம்தான் வரமாட்டார். கல் சுடுவதற்கு முன் அதிகாலையில் போங்கள், காலுறை போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள் என்று எந்த வரிசையில், எந்தத் தொனியில் சொன்னால் கேட்பார்கள் என்பது கோவில் ஊர்களில் வேலை பார்க்கும் சகாக்களிடமிருந்துதான் கிடைக்கும். ரோமிலிருந்து கிடைக்காது.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன், பிரியாணிக் கிண்டலை விட்டுவிடுவோம். மருத்துவத் துறையினருக்கான கல்விக் கூட்டங்களால் உண்மையிலேயே பயன் உண்டா என்று காக்ரேன் அமைப்பு 2009-ல் 81 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வேலைமுறையில் ஏற்பட்ட முன்னேற்றம் நடுமதிப்பில் சுமார் 6 சதவீதம். பார்த்தீர்களா, வெறும் ஆறு என்று கேட்பார்கள். கேட்கட்டும். அதே தொகுப்பு, வெறும் சொற்பொழிவைவிடச் சொற்பொழிவும் கைப்பயிற்சியும் கலந்த கூட்டங்கள் அதிகப் பலன் தந்ததையும் காட்டியது. அப்படியானால் முடிவு மாநாட்டை நிறுத்துவதா, பவர்பாயின்ட்டைக் குறைத்துப் பயிலரங்கைக் கூட்டுவதா?

இன்னொரு கணக்கும் உண்டு. 2002-ல் டயாபடீஸ் கேர் இதழில் வந்த தொகுப்பாய்வு, நோயாளிகளுக்குக் கல்வி கொடுத்த உடனே சர்க்கரையின் மூன்று மாத சராசரி 0.76 புள்ளி குறைந்ததையும், சில மாதங்களில் அந்தப் பலன் 0.26 ஆகத் தேய்ந்ததையும் சொன்னது. ஒரு முழுப் புள்ளி குறைய 23.6 மணி நேரத் தொடர்பு தேவைப்பட்டது. நோயாளிக்கு ஒரு தடவை சொன்னது தேய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். சொல்லிக்கொடுப்பவருக்குக் கோர்ஸில் ஒரு தடவை சொன்னது மட்டும் சாகும்வரை தேயாமல் இருக்குமா?

டாக்டர் போய் வந்தால் போதாதா என்பதற்கும் பதில் ஆய்வில் இருக்கிறது. கார்ஸ் என்ற ஆய்வை இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 10 கிளினிக்குகளில் 1,146 பேரிடம் நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். டாக்டர் அல்லாத ஒரு பராமரிப்பாளர் தொடர்ந்து நோயாளியோடு பேசி, கணினி தரும் யோசனையை டாக்டருக்கு எடுத்துக்கொடுத்தார். சர்க்கரையோடு ரத்த அழுத்தத்தையோ கொழுப்பையோ சேர்த்து இலக்குக்குள் கொண்டுவந்தவர்கள் அந்தக் குழுவில் 18.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 8.1. இரண்டு பக்கமும் டாக்டர் இருந்தார். வித்தியாசம், கூடவே ஓர் ஆளும் ஒரு கணினியும் இருந்ததுதான். அந்த ஆளுக்கும் கல்வி வேண்டாமா? சர்க்கரை நோய் டாக்டர்களின் சங்கமான ஆர்.எஸ்.எஸ்.டி.ஐ. 1972-ல் இங்கே தொடங்கியது. அமெரிக்காவில் டயாபடீஸ் எஜுகேட்டர்கள் 1973-லேயே தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டார்கள். அங்கே சான்றிதழைப் புதுப்பிக்க ஐந்து வருஷத்தில் 75 மணி நேரக் கல்வி காட்டலாம். இங்கே டாக்டர் ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரம் படிக்க வேண்டும் என்று 2002-ஆம் வருட நெறிமுறை சொல்கிறது. அவர் மாநாட்டுக்குப் போனால் ‘கல்வி’, சுகர் மேடம் போனால் ‘ஊர் சுற்றல்’ என்பது எந்த ஊர் நியாயம்?

கம்பெனிப் பணம். இந்த எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. அரங்குக்கு வெளியே ஸ்டால் வரிசை. குளுக்கோமீட்டரை இலவசமாகக் கொடுப்பார்கள், ஸ்ட்ரிப்பில் வசூலித்துக்கொள்வார்கள். ‘சர்க்கரை இல்லாத’ பிஸ்கட்டில் மைதா இருக்கும். மேடையில் பேசுபவரின் கடைசி ஸ்லைடில் ஒரு மருந்தின் பெயர் தற்செயலாக வந்து நிற்கும். இதை மறைத்துக்கொண்டு மாநாட்டுக்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை. ஆனால் 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறைப்படி, பேச்சாளராகப் போகிறவரைத் தவிர மருத்துவத் துறையினர் யாருக்கும் கம்பெனிகள் பயணச் செலவோ தங்கும் செலவோ கொடுக்கக் கூடாது. நல்லதுதான். அப்படியானால் இனி யார் கொடுப்பது? மருத்துவமனை கொடுக்காது, கம்பெனி கொடுக்கக் கூடாது. சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, டெலிகேட் கட்டணத்தையும் அவரையே கட்டச் சொல்லிவிட்டு, “கம்பெனிக்காரன் பையைத் தூக்கிட்டு வந்துட்டா” என்று கிண்டல் செய்வது அற்பத்தனம். பை வேண்டாம் என்றால் பணத்தை நீங்கள் கொடுங்கள்.

மாநாடுகள்மீது எனக்கும் கோபம் உண்டு, அது வேறு கோபம். நாள் முழுக்க ஆங்கிலம். நாங்கள் வேலை செய்வது தமிழில். “சுகர் லோ ஆனா என்ன பண்ணுவீங்க?” என்று நோயாளியிடம் கேட்கும் கேள்வியை மேடையில் ஒருவரும் தமிழில் கேட்பதில்லை. எஜுகேட்டர்களுக்கு என்று ஒதுக்குவது பெரும்பாலும் டாக்டர்கள் மாநாட்டின் ஓரத்தில் ஒரு சின்ன அறை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் இந்த மாநிலத்திலேயே அதிகமான சர்க்கரை நோயாளிகளின் வாசலில் நிற்பவர்கள். அவர்களை எந்த மாநாட்டு அரங்கிலும் நான் பார்த்ததில்லை. மாநாடே வீண் என்பவர்கள் இதையெல்லாம் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவை குறைவாக நடத்தியதன் குறைகள், நடத்தியதன் குறைகள் அல்ல.

ஆகவே மருத்துவமனை நிர்வாகிகளுக்கு: அடுத்த அறிவிப்பு வரும்போது டாக்டரின் பெயரோடு எஜுகேட்டரின் பெயரையும் எழுதுங்கள். அந்த இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள், கட்டணத்தைக் கட்டுங்கள். திரும்பி வந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கற்றதை நர்ஸ்களுக்கும் மருந்தகத்தில் நிற்பவர்களுக்கும் செய்துகாட்டச் சொல்லுங்கள். சுகாதாரத் துறைக்கு: மாவட்டத்துக்கு ஒரு நாள், தமிழில், கம்பெனி ஸ்டால் இல்லாமல், தன்னார்வலர்களையும் உட்காரவைத்து ஒரு கூட்டம் நடத்துங்கள். திருவள்ளூர் மாவட்டத்திலோ அம்பத்தூர் மண்டலத்திலோ தொடங்கினால், சிவப்பு மூடி சிரிஞ்சையும் ஆரஞ்சு மூடி சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வருகிறேன்.